படம் முடியுமுன் எழுதிய நாவல்

1966-இல் வெளிவந்த 'ஃபென்டாஸ்டிக் வாயேஜ்' படத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு கப்பலே நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்கிறது. எதிரணி நாட்டிலிருந்து தப்பி வந்த விஞ்ஞானி பெனஸின் மூளையில் ரத்தக்கட்டி. வெளியிலிருந்து கத்தி வைக்க முடியாத இடம். புரோட்டியஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பலையும் ஐந்து பேரையும் நுண்ணுயிர் அளவுக்குச் சுருக்கி, ஊசி வழியாக அவருடைய தமனிக்குள் செலுத்துகிறார்கள். கெடு 60 நிமிடம். அதற்குள் வெளியே வராவிட்டால் கப்பலும் ஆட்களும் பழைய அளவுக்கு வளரத் தொடங்கிவிடுவார்கள். நோயாளியின் கதி என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. படம் முழுவதும் நம்மை நாற்காலி நுனியில் உட்கார வைப்பது இந்த ஒரே விதிதான்.

கடைசியில் நடப்பதைப் பாருங்கள். துரோகி மைக்கேல்ஸையும் கப்பலையும் ஒரு வெள்ளையணு விழுங்கிவிடுகிறது. மற்ற நால்வரும் பார்வை நரம்பு வழியாக நீந்தி, கண்ணீர்த் துளியோடு வெளியே வந்து, ஆய்வுக்கூடத் தரையில் வளர்ந்து நிற்கிறார்கள். எல்லோருக்கும் மகிழ்ச்சி. கப்பல் என்ன ஆயிற்று? அது பெனஸின் தலைக்குள்ளேயே கிடக்கிறது. வெள்ளையணு அதை நொறுக்கித் தின்றிருக்கலாம். நொறுங்கினாலும் இரும்பு இரும்புதான், கெடு முடிந்ததும் அத்தனையும் வளர்ந்தாக வேண்டும். இயக்குநர் ரிச்சர்ட் ஃபிளைஷர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. திரையரங்கில் பெரும்பாலோரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

கவலைப்பட்டவர் ஐசக் அசிமோவ். திரைக்கதையை நாவலாக எழுதித் தரும்படி பதிப்பகம் கேட்டபோது, இந்த ஓட்டையை அடைக்க அனுமதித்தால்தான் எழுதுவேன் என்று நிபந்தனை போட்டார். நாவலில் கதாநாயகன் கிராண்ட், கப்பலை விழுங்கிய அதே வெள்ளையணுவைக் கத்தியால் சீண்டிச் சீண்டித் தன் பின்னால் துரத்தி வரச் செய்கிறான். அது கப்பலின் சிதைவுகளையும் சுமந்துகொண்டு கண்வரை வந்து சேர்கிறது. எல்லாமே வெளியே வந்த பிறகுதான் வளர்கின்றன. இன்னொரு இடமும் உண்டு. நுரையீரல் ஓரத்தில் கப்பலை நிறுத்திக் காற்று பிடித்துக்கொள்வதாகப் படத்தில் ஒரு காட்சி வருகிறது. சுருங்கிய மனிதனுக்குச் சுருங்காத காற்று மூலக்கூறு எப்படிச் சுவாசமாகும் என்று அசிமோவ் யோசித்தார். உள்ளே இழுக்கும் காற்றையும் சுருக்க ஒரு கருவியைக் கப்பலில் பொருத்திவிட்டார். படத்தைப் பார்த்த அவருடைய மகளுக்கு அப்போது 11 வயது. கப்பல் உள்ளே வளர்ந்து அந்த மனிதரைக் கொன்றுவிடாதா என்று கேட்டாளாம். இந்தக் கேள்வி ஹாலிவுட் தயாரிப்பாளர்களுக்குத் தோன்றாததைப் பற்றி அசிமோவ் தன் பாணியில் நக்கலாக எழுதியிருக்கிறார்.

இதன் பின்கதை இன்னும் சுவையானது. அசிமோவ் வேகமாக எழுதுபவர். படமோ மெதுவாக வளர்ந்தது. ஆகவே நாவல் சில மாதங்கள் முன்னதாகவே வெளிவந்துவிட்டது. அசிமோவின் நாவலைத்தான் படமாக எடுத்தார்கள் என்றும், எடுக்கும்போது முடிவைக் கெடுத்துவிட்டார்கள் என்றும் இன்றுவரை நம்புகிறவர்கள் உண்டு. இரவல் கதையில் வேலை செய்த அதிருப்தி அவரை விடவில்லை. 1987-இல் அதே கருவை வைத்துத் தன் சொந்தக் கதையாக இன்னொரு நாவலை எழுதினார்.

படத்தை ஒட்டி வரும் நாவல்களைப் பற்றி விமர்சகர்களிடம் பொதுவாக ஒரு இளக்காரம் உண்டு. படத்தை வார்த்தையில் நகலெடுத்த சரக்கு, ரயில் நிலையக் கடையில் விற்பது, அவ்வளவுதான் என்பார்கள். பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்தும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நகல் என்ற சொல் மட்டும் தவறு. நகலெடுக்க முதலில் மூலம் ஒன்று வேண்டும். படத்தோடு சேர்ந்து கடைக்கு வர வேண்டிய புத்தகம் படம் முடியும் வரை காத்திருக்க முடியாது. அச்சு, நூற்கட்டு, விநியோகம் எல்லாவற்றுக்கும் மாதங்கள் பிடிக்கும். அதனால் நாவலாசிரியர் கையில் இருப்பது திரைக்கதையின் ஏதோ ஒரு வரைவும், அதிர்ஷ்டம் இருந்தால் சில புகைப்படங்களும்தான். படப்பிடிப்பில் மாறியது, படத்தொகுப்பு மேசையில் விழுந்தது, பணம் போதாமல் கைவிட்டது எதுவும் அவருக்குத் தெரியாது. எடுக்கப்படாமல் போன ஒரு படத்தைத்தான் அவர் எழுதுகிறார். இரண்டையும் ஒப்பிட்டுப் படிக்கும்போது எது மூலத்துக்கு விசுவாசம் என்று கேட்பதில் பயனில்லை. எந்தக் கேள்விக்குப் படம் பதில் சொல்லாமல் நழுவியது, அந்த இடத்தில் நாவலாசிரியர் என்ன செய்தார் என்று பார்ப்பதில்தான் சுவாரசியம்.

அறிவியல் புனைவு அதிரடிப் படங்களில் இது மற்ற வகைகளைவிடக் கூர்மையாகத் தெரிகிறது. காரணம் வேகம். அதிரடிப் படம் பார்வையாளனைக் கேள்வி கேட்க விடாமல் இழுத்துக்கொண்டு ஓடும். அறிவியல் புனைவோ 'எப்படி', 'ஏன்' என்ற கேள்விகளின் மேல் நிற்பது. திரையரங்க இருட்டில் முதலாவது ஜெயித்துவிடும். புத்தகத்தை வாசகன் பாதியில் மடக்கி வைத்துவிட்டு யோசிக்கலாம். அந்த ஒரு வசதியாலேயே நாவலாசிரியருக்கு வேலை கூடிவிடுகிறது.

'ஸ்டார் வார்ஸ்' அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது 1977 மே 25 அன்று. நாவல் 1976 நவம்பரிலேயே வந்துவிட்டது. அட்டையில் ஆசிரியர் பெயர் ஜார்ஜ் லூகாஸ். எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர், அப்போது 30 வயது இளைஞர். படம் வருவதற்கு மூன்று மாதம் முன்பே முதல் பதிப்பின் 1,25,000 பிரதிகளும் தீர்ந்துவிட்டன. நம் ஊர்த் திரையரங்க வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் கதைச் சுருக்கத்தை உச்சத்தில் நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டுவிடுவார்கள். ஃபாஸ்டரின் புத்தகம் அந்தச் சூட்சுமத்தையெல்லாம் பார்க்கவில்லை. முழுக் கதையையும் ஆறு மாதம் முன்பே சொல்லிவிட்டது. வியாபாரம் அதனால் படுத்துவிடவும் இல்லை.

அந்த நாவலை இன்று படித்தால் வேறொரு படம் கண்ணில் படும். நாயகன் லூக் தன் நண்பன் பிக்ஸை ஊரில் சந்தித்துப் பேசும் நீண்ட காட்சிகள் இருக்கின்றன, படத்தில் வெட்டப்பட்டவை. ஹான் சோலோவை ஜப்பா வந்து மிரட்டும் காட்சி இருக்கிறது. லூகாஸ் அதைப் படம்பிடித்து, திருப்தியில்லாமல் ஒதுக்கிவைத்து, 1997 மறுவெளியீட்டில்தான் கணினி வரைகலையோடு சேர்த்தார். இறுதிப் போரில் லூக் இருப்பது நீலப் படைப்பிரிவில். படத்தில் அது சிவப்பாக மாறியதற்குக் காரணம் கதையில் இல்லை: நீலத் திரையின் முன்னால் வைத்து எடுக்கும் விமானத்தில் நீலக் கோடு போட்டால் கோடு காணாமல் போய்விடும்.

எல்லாவற்றையும்விட முன்னுரைப் பகுதியைச் சொல்ல வேண்டும். 1977 படத்தில் பேரரசன் என்று ஒருவன் பேச்சில் வந்து போகிறான், பெயர்கூடக் கிடையாது. நாவல் முதல் பக்கங்களிலேயே அவன் பெயர் பால்படீன் என்றும், குடியரசின் ஆட்சி மன்றத்திலிருந்து மேலேறி அதிகாரத்தைக் கைப்பற்றியவன் என்றும் சொல்லிவிடுகிறது. சொல்லிவிட்டு, அவன் தன்னைச் சுற்றியிருந்த துதிபாடிகளின் கைப்பாவையாகிவிட்டான் என்றும் சேர்க்கிறது. பிற்காலப் படங்களில் நாம் அறிந்த பால்படீன் யாருக்கும் கைப்பாவையல்ல; எல்லாக் கயிறுகளையும் தானே இழுப்பவன். லூகாஸின் கற்பனை எந்த இடத்தில் திரும்பியது என்பதை எந்தப் பேட்டியையும்விட அந்த முன்னுரை துல்லியமாகக் காட்டுகிறது.

தமிழில் இதற்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு. 1986-இல் கமல்ஹாசன் நடித்து, ராஜசேகர் இயக்கத்தில் வந்த 'விக்ரம்'. கடத்தப்பட்ட அக்னிபுத்திரன் ஏவுகணை, கணினி, சலாமியா என்ற கற்பனை நாடு எல்லாம் கொண்ட கதை. அதைப் படத்துக்காக எழுதிய சுஜாதா, படம் வளர்ந்துகொண்டிருந்தபோதே குமுதத்தில் தொடராகவும் எழுதினார். ஹாலிவுட்காரர்கள் ஒரே மூச்சில் தாள் அட்டைப் புத்தகமாக விற்றதை நம்மவர்கள் வாராவாரம் 'தொடரும்' போட்டு விற்றார்கள். எங்கள் பத்திரிகைப் பழக்கத்துக்கு அதுதான் பொருத்தம்.

ஃபாஸ்டரிடம் திரும்புவோம். இந்தத் துறையில் அவரைச் சுற்றாமல் எங்கும் போக முடியாது. ஜான் கார்பென்டரின் 'தி திங்', ஷான் கானரி நடித்த 'அவுட்லேண்ட்', 'ஏலியன்' வரிசையின் முதல் மூன்று படங்கள் எல்லாம் அவர் கைவண்ணமே. 1979-இல் வந்த 'ஏலியன்' நாவலை எழுதும்போது நடந்ததுதான் இந்தத் தொழிலின் அபத்தத்தைச் சொல்ல நல்ல சாட்சி. கதை முழுக்க ஒரு வேற்றுக்கிரக உயிரைப் பற்றியது. சுவிஸ் ஓவியர் எச்.ஆர். கீகர் வடிவமைத்த அந்த உருவத்தை ரகசியமாக வைத்திருந்த நிறுவனம், நாவல் எழுதுகிறவருக்குக்கூடப் படம் காட்ட மறுத்துவிட்டது. எதைப் பற்றி எழுதுகிறோமோ அது எப்படி இருக்கும் என்று தெரியாமலே ஃபாஸ்டர் முழு நாவலையும் எழுதி முடித்தார்.

எழுதிய விதத்தைக் கவனித்தால் தச்சு வேலையின் சாமர்த்தியம் தெரியும். அந்த உயிரின் அளவு, வேகம், அதைக் கண்டவர்கள் முகத்தில் வந்த மாற்றம், அது போன பிறகு கிடந்த தடயம் என்று சுற்றிச் சுற்றி எழுதுகிறார். நடுவில் இருக்க வேண்டிய உருவம் மட்டும் வெற்றிடம். இதில் வேடிக்கை என்னவென்றால் ரிட்லி ஸ்காட்டும் படத்தில் கிட்டத்தட்ட அதையேதான் செய்தார். ஒல்லியும் உயரமுமான நைஜீரிய இளைஞர் பொலாஜி படேஜோவுக்கு உடை மாட்டி நடிக்க வைத்தவர், முழு உருவத்தைக் காட்டுவதை முடிந்தவரை தவிர்த்தார். ஒரு வழுக்கைத் தலை, வழியும் எச்சில், நீளும் இன்னொரு வாய், இருட்டு. முழுதாகக் காட்டினால் ஆள் வேஷம் போட்டிருப்பது தெரிந்துவிடும் என்ற பயம் அவருக்கு. ஒருவர் தெரியாததால் மறைத்தார், மற்றவர் தெரிந்ததால் மறைத்தார்.

பலன் மட்டும் ஒன்றல்ல. ஸ்காட்டின் இருட்டில் கனம் இருக்கிறது. கண்ணில் படும் அந்த ஒரு துண்டு, மீதி உடல் அங்கே நிற்கிறது என்று நம்மை நம்பவைக்கிறது. ஃபாஸ்டரின் இருட்டில் துண்டும் இல்லை. பெரும்பாலான பக்கங்களில் அது ஏதோ ஒரு மிருகம், எந்தக் கதையிலும் வரலாம். சாப்பாட்டு மேசையில் கப்பல் பணியாளர் கேனின் மார்பைப் பிளந்துகொண்டு குஞ்சு வெளிவரும் புகழ்பெற்ற காட்சியிலும் நாவல் தோற்றுவிடுகிறது. எவ்வளவு ரத்தம் தெறிக்கும் என்று நடிகர்களுக்கே முழுதாகச் சொல்லாமல் எடுத்த காட்சி அது. வெரோனிகா கார்ட்ரைட் முகத்தில் அடித்த ரத்தமும் அவர் அலறி விழுந்ததும் நடிப்பல்ல. நாவலில் கேன் வலியில் முனகத் தொடங்கும் வாக்கியத்திலேயே வாசகன் தயாராகிவிடுகிறான். திடுக்கிட வைப்பது உரைநடைக்கு வராத வித்தை. வாக்கியம் எப்போதும் ஒரு அடி முன்னால் வந்து கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே நுழையும்.

ஆனால் அதே நாவலில் படத்தில் இல்லாத ஒரு காட்சி இருக்கிறது. தப்பிக்க ஓடும் நாயகி ரிப்ளி, கப்பலின் அடித்தளத்தில் கேப்டன் டாலஸைப் பார்க்கிறாள். அவர் சாகவில்லை. பிசின் போன்ற கூட்டுக்குள் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறார். கொன்றுவிடும்படி கெஞ்சுகிறார். அவள் தீப்பீய்ச்சியால் எரித்துவிட்டு நகர்கிறாள். ஸ்காட் இதையும் படம்பிடித்தார். இறுதி ஓட்டத்தின் வேகத்தைக் குறைக்கிறது என்று வெட்டினார். 2003 மறுபதிப்பில்தான் திரும்பச் சேர்த்தார். இடைப்பட்ட 24 ஆண்டுகள் அந்தக் காட்சி பரவலாகப் பிழைத்திருந்தது தாள் அட்டைப் பிரதிகளில்தான். அதன் உட்பொருளும் சாதாரணமல்ல: பிடிபட்ட மனித உடலே அடுத்த முட்டையாக மாறுகிறது. 1986-இல் ஜேம்ஸ் காமரூன் 'ஏலியன்ஸ்' எடுத்தபோது முட்டையிடும் ராணி ஒன்றைக் கொண்டுவந்து வேறொரு உயிரியலை நிறுவினார். முதல் நாவலைப் படித்திருந்தவர்களுக்கு அது புதிய தகவலல்ல, முரண்பாடு. ஸ்காட்டின் வெட்டு படத்துக்குச் சரியானதே என்பது என் எண்ணம். நாவலில் அந்தக் காட்சி இருப்பதும் சரியே. படிப்பவனுக்கு ஓட்டத்தைவிட அந்தக் கெஞ்சல்தான் நெடுநாள் மனதில் நிற்கிறது.

உருவம் தெரியாமல் எழுதியதன் உச்சம் 'பிரிடேட்டர்'. 1987 படத்தில் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நேகரை வேட்டையாடும் அந்த உயிர் ஒரு தொழில்நுட்ப வேட்டைக்காரன்: கண்ணுக்கு மறையும் கருவி, தோளில் துப்பாக்கி, வெப்பத்தைப் பார்க்கும் முகமூடி, மணிக்கட்டில் வெடிகுண்டு. நாவலில் வருவது வேறு பிறவி. மறைவது அதன் உடலின் இயல்பு, பச்சோந்தி மாதிரி. காட்டு விலங்குகளுக்குள் புகுந்து பார்க்கும், உருமாறும். ஆயுதம் என்று பார்த்தால் ஒரு ஈட்டி. படப்பிடிப்பிலேயே முதலில் செய்த உடை சரியில்லாமல் போய், அதற்குள் இருந்த ழான் குளோட் வான் டாம் விலகி, ஸ்டான் வின்ஸ்டன் வந்து புதிதாக உருவாக்கியதுதான் நாம் இன்று அறியும் தோற்றம். நாவல் அந்த மாற்றத்துக்கு முந்தையது.

எழுதியவர் பால் மோனெட், கவிஞர். அவருடைய துணைவர் ரோஜர் ஹார்விட்ஸ் 1986 அக்டோபரில் எய்ட்ஸ் நோயால் இறந்தார். அந்த மரணத்தைப் பற்றி மோனெட் எழுதிய இரங்கற் கவிதைகளும் நினைவுக் குறிப்பும் 1988-இல் வந்தன. 1992-இல் தன்வரலாற்றுக்குத் தேசியப் புத்தக விருது பெற்றார். அந்த மரணத்துக்கும் இந்தப் புத்தகங்களுக்கும் நடுவே, 1987-இல், 'பிரிடேட்டர்'. வயிற்றுப்பாட்டுக்கு எழுதியது என்று தள்ளிவிடலாம். ஆனால் அந்தப் புத்தகத்தில் வேட்டையாடும் உயிரின் மனதுக்குள் அவர் போகிறார். மனித உடல் அதற்கு ஒரு புதிர். அதைத் தொட்டுப் பார்த்து, திறந்து பார்த்து, புரிந்துகொள்ளத் துடிக்கிறது. ஜான் மெக்டியர்னனின் படத்தில் அந்த உயிருக்கு மனம் என்று ஒன்று தேவைப்படவே இல்லை. எதிரி எங்கே நிற்கிறான் என்று தெரியாததுதான் அங்கே முழுச் சுவையும். நாவல் அந்தப் பதற்றத்தை இழந்து, கூலி எழுத்தில் யாரும் எதிர்பார்க்காத ஒரு விசித்திரத்தைப் பெற்றது. எல்லா வகையிலும் படமே சிறந்தது. ஆனாலும் இரண்டாவது முறை எடுத்துப் புரட்டத் தோன்றுவது புத்தகத்தைத்தான்.

சண்டைக்கு வருவோம். அதிரடிப் படத்தின் உயிர் அது. நாவலின் பலவீனமும் அதுவே. திரையில் நான்கு நொடிக்கு ஒரு வெட்டு, காதில் இடி, நாற்காலி அதிர்வு. தாளில் 'பாய்ந்தான், சுட்டான், உருண்டான்' என்று வினைமுற்றுகள் வரிசையாக நிற்கும்; இரண்டாம் பக்கத்தில் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். எண்பதுகளின் பட நாவல்களில் பலவும் இதற்குப் பலியானவை. 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் மாத்யூ ஸ்டோவர் 2005-இல் எழுதிய 'ரிவெஞ்ச் ஆஃப் த சித்' நாவல் மட்டும் இந்தப் பலவீனத்தை நேருக்கு நேர் சந்திக்கிறது. லூகாஸ் கைப்பிரதியை வரி வரியாகப் பார்த்துத் திருத்தினார் என்று ஸ்டோவர் சொல்லியிருக்கிறார். படத்தைவிட நாவல் மேல் என்று ரசிகர்கள் வெளிப்படையாகவே பேசும் அரிய உதாரணம் அது.

ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். பால்படீன் கடத்தப்பட்டதாக நாடகமாடி நாற்காலியில் கட்டுண்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே கிழக் கோமகன் டூக்கு. அவரோடு மோத அனகினும் ஓபி-வானும் வருகிறார்கள். படத்தில் சண்டை சட்டென முடிகிறது. அனகின் டூக்குவின் இரண்டு கைகளையும் வெட்டிவிடுகிறான், மண்டியிட்டவரின் கழுத்தில் இரண்டு ஒளிவாள்களையும் கத்தரிக்கோல் போல வைக்கிறான். கொல் என்கிறார் பால்படீன். டூக்குவாக நடித்த கிறிஸ்டோபர் லீ முகத்தைத் திருப்பித் தன் குருவான பால்படீனைப் பார்க்கிறார், வாய் லேசாகத் திறந்திருக்கிறது. ஒன்றிரண்டு நொடி. தலை விழுகிறது.

ஸ்டோவர் இந்தச் சண்டையின் பெரும்பகுதியை டூக்குவின் தலைக்குள் உட்கார்ந்து எழுதுகிறார். வாட்போரில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற இறுமாப்பு; இளையவர்கள் இருவரும் முதலில் தெரிந்தே மட்டமாகச் சண்டை போட்டுத் தன்னை ஏமாற்றினார்கள் என்று நடுவில் உறைக்கும் அதிர்ச்சி; மூச்சு வாங்கும் கிழ உடல். இதெல்லாம் நாடகம்தான், கடைசியில் தன்னைக் கௌரவமாகக் கைதாக்குவதாகத்தான் திட்டம் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். கொல் என்ற சொல் காதில் விழும்போது, துரோகத்தைத் தொழிலாகக் கொண்ட தன் மரபில் தானும் ஒரு பலியாடுதான் என்று புரிகிறது. எந்தக் கை எங்கே வீசியது என்ற கணக்கு பின்னுக்குப் போய்விடுகிறது. சண்டை என்பது ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக உண்மை தெரிந்துகொள்ளும் கதையாக மாறுகிறது.

லீயின் அந்த இரண்டு நொடிப் பார்வைக்குள் இது அத்தனையும் இருக்கிறதா? தெரிந்தவனுக்கு இருக்கிறது. நாவலைப் படித்துவிட்டுப் படத்தை மறுபடி பார்த்தால் அந்தப் பார்வை கனமாகிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு பொருளாகும் அபூர்வமான இடம் இது. அனகினின் வீழ்ச்சியையும் ஸ்டோவர் நிகழ்காலத்தில், முன்னிலையில் 'நீ' என்று அழைத்து எழுதுகிறார்; கரிய கவசத்துக்குள் எரிந்த உடலாகக் கண் விழிப்பவன் வாசகனே என்று ஆகிவிடுகிறது. கேமராவால் அந்தக் கவசத்துக்கு வெளியேதான் நிற்க முடியும்.

இதே ரகசியத்தைப் படமெடுப்பவர்களும் அறிந்திருந்தார்கள் என்பதற்கு 'தி அபிஸ்' சாட்சி. கடலடி எண்ணெய்த் தளத்தில் நடக்கும் 1989 படம். காமரூன் வழக்கமான நாவலாக்கம் வேண்டாமென்று ஆர்சன் ஸ்காட் கார்டைத் தேடிப் பிடித்தார். முக்கியப் பாத்திரங்கள் மூவரின் கடந்த காலத்தைக் கார்ட் முதல் மூன்று அத்தியாயங்களில் எழுத, அதைக் காமரூன் நடிகர்களிடம் படிக்கக் கொடுத்தார். எட் ஹாரிஸும் மேரி எலிசபெத் மாஸ்ட்ரான்டோனியோவும் கேமரா முன்னால் நின்றபோது, தங்கள் பாத்திரத்தின் பழங்கதையை நாவலிலிருந்து தெரிந்துகொண்டிருந்தார்கள். படத்திலிருந்து நாவல் என்ற வழக்கமான ஓட்டம் இங்கே ஒரு முறை திரும்பிப் பாய்ந்தது. முடிவில் கடல் மலைபோல எழுந்து நகரங்களின் முன்னே நிற்கும் காட்சி நாவலில் உண்டு. திரையரங்கப் பிரதியில் இல்லை. 1993-இல் வந்த சிறப்புப் பதிப்பில் சேர்ந்தது. அந்த அலை இல்லாமல் படத்தின் இறுதி ஏன் அப்படி முடிகிறதென்று புரியாது. கார்டின் வாசகர்களுக்குப் புரிந்திருக்கும்.

விளக்கம் எப்போதும் லாபமா என்றால், இல்லை. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' அதிரடிப் படமல்ல என்றாலும் இந்தக் கேள்விக்கு அதைவிடச் சிறந்த தராசு கிடையாது. ஸ்டான்லி குப்ரிக்கும் ஆர்தர் சி. கிளார்க்கும் திரைக்கதையையும் நாவலையும் ஒரே சமயத்தில் உருவாக்கினார்கள்.   படம் 1968 ஏப்ரலிலும் நாவல் சில மாதம் கழித்தும் வந்தன. ஹால் என்ற கணினி ஏன் கொலை செய்கிறது என்று படம் சொல்வதில்லை. அந்தச் சிவப்புக் கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது, நமக்குக் குலை நடுங்குகிறது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற இயல்புக்கும் பயணத்தின் நோக்கத்தை மறைக்க வேண்டும் என்ற உத்தரவுக்கும் இடையில் மாட்டி அது சிதைந்தது என்று நாவல் தெளிவாகச் சொல்கிறது. காரணம் தெரிந்ததும் நடுக்கம் போய் அனுதாபம் வந்துவிடுகிறது. எனக்கு அது நஷ்டம்.

ஆனால் இறுதி அறைக்கு வாருங்கள். படத்தில் தரையிலிருந்து வெளிச்சம் வரும் பிரெஞ்சு அரண்மனை பாணி அறை. என்ன இடம், யார் கட்டியது, எதுவும் இல்லை. நாவலில் விண்வெளி வீரன் போமன் ஒரு சாதாரண விடுதி அறைக்குள் நுழைகிறான். தொலைபேசிப் புத்தகத்தைப் பிரித்தால் உள்ளே வெற்றுத்தாள். குளிர்பெட்டியில் பழக்கப்பட்ட உணவுப் பொட்டலங்கள் அடுக்கியிருக்கின்றன, எதைத் திறந்தாலும் உள்ளே ஒரே நீலநிறப் பண்டம். தொலைக்காட்சியைப் போட்டால் ஓடும் நாடகத்தில் இதே அறை தெரிகிறது. பூமியிலிருந்து போன ஒளிபரப்பைப் பார்த்து, விருந்தினருக்குச் சௌகரியமாக இருக்கட்டுமென்று யாரோ கட்டியிருக்கிறார்கள். உள்ளே என்ன வைப்பது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. விளக்கமே இப்படிக் கிச்சுகிச்சு மூட்டிப் பயமுறுத்தும்போது குப்ரிக்கின் மௌனத்துக்கு அது சளைத்ததல்ல.

நாவலில் பயணம் சனிக்கோளுக்கு, படத்தில் வியாழனுக்கு. சனியின் வளையங்களை நம்பும்படி உருவாக்க அன்றைய தந்திரக்காட்சிக் கலைஞர்களால் முடியவில்லை, அதனால் வந்த மாற்றம். 1982-இல் தொடர்ச்சியாக '2010' எழுதியபோது கிளார்க் எதைப் பின்பற்றினார்? படத்தை. தன் சொந்த நாவலில் இருந்த சனியைக் கைவிட்டு, கப்பல் வியாழனுக்கே போனதாக எழுதினார். கிளார்க்குக்கே இந்தக் கதியென்றால், கூலிக்கு எழுதுபவரின் நிலையைக் கேட்க வேண்டாம்.

'ஏலியன் 3' திரைக்கதையைப் படித்த ஃபாஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. முந்தைய படம் முழுவதும் ரிப்ளி உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிய சிறுமி நியூட், இதில் தொடக்கத்திலேயே செத்துக் கிடக்கிறாள். நாவலிலாவது அவளைப் பிழைக்க வைக்கலாம் என்று முயன்றார். தயாரிப்பாளர் வால்டர் ஹில் கூடாது என்றுவிட்டார். வேறு பல சின்ன மாற்றங்களும் அப்படியே போயின. நான்காம் படத்தின் நாவலை எழுதக் கூப்பிட்டபோது ஃபாஸ்டர் மறுத்துவிட்டார். ஓட்டையை அடைக்கலாம், பாத்திரத்துக்கு ஒரு தாய்தகப்பன் கொடுக்கலாம், மௌனத்தை நிரப்பலாம். சாக வேண்டிய ஆளை மட்டும் காப்பாற்ற முடியாது. பணத்திலும் கதை அப்படித்தான். 2012-இல் லூகாஸ் நிறுவனத்தையும் 2019-இல் ஃபாக்ஸையும் டிஸ்னி வாங்கிய பிறகு, தன் பழைய நாவல்களுக்கு உரிமைத்தொகை வரவில்லை என்று ஃபாஸ்டர் 2020-இல் அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கத்தோடு சேர்ந்து பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

பிலிப் கே. டிக் வேறு வழி எடுத்தவர். 'பிளேட் ரன்னர்' படமே அவருடைய 1968 நாவலிலிருந்து எழுந்தது. திரைக்கதையை வைத்துப் புதிதாக ஒரு நாவல் எழுதினால் நல்ல பணம் என்று ஆசை காட்டினார்கள். சொந்த மகனை விற்றுவிட்டு அவன் சாயலில் ஒரு பொம்மை வாங்குவதற்கு ஒப்பான பேரம். மறுத்துவிட்டார். பழைய நாவலே படத்தின் பெயரோடு மறுபடி அச்சானது. 1982 மார்ச்சில் அவர் இறந்தார். படம் ஜூனில் வந்தது.

இன்று வீட்டிலேயே படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். படத்தை மறுபடி அனுபவிக்க வேறு வழியில்லாத காலத்தில் கிடைத்த மரியாதை இந்த நாவல்களுக்கு இப்போது இல்லை. ரகசியம் கசிந்துவிடும் என்ற பயத்தில் வெளியீட்டு வரிசையும் தலைகீழாகிவிட்டது. 1976-இல் 'ஸ்டார் வார்ஸ்' நாவல் படத்துக்கு ஆறு மாதம் முந்தியது; அதே வரிசையில் 2019 டிசம்பரில் வந்த 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' படத்தின் நாவலோ அடுத்த ஆண்டு மார்ச்சில்தான் வந்து சேர்ந்தது. ரே கார்சன் எழுதியது. படத்தில் செத்துப்போன பால்படீன் எப்படியோ திரும்பி வந்துவிட்டார் என்று ஒரு பாத்திரம் ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போக, உலகம் முழுக்கக் கேலி செய்தார்கள். நாவல் அதற்குப் பதில் வைத்திருந்தது: அது நகலுடல், நாயகி ரேயின் தகப்பனும் அப்படி ஒரு தோற்றுப்போன நகல் முயற்சியில் பிறந்தவன்தான். பதில் மோசமில்லை. ஆனால் பெரும்பாலோர் அதை நாவலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. புத்தகம் கடைக்கு வந்த சில நாட்களில் செய்திகளில் படித்துவிட்டு நகர்ந்தார்கள்.